டிஸ்க் செத்துவிட்டது என்று சொன்னால், அந்தச் செத்த டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்து வைத்திருந்தால் எந்தக் கடையிலும் உதவும்.

பெரியம்மா சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார். 2023இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) எப்படி ஆட்டிவைத்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு ராத்திரி கரண்ட் திரும்பி வந்தபோது அவருடைய டெஸ்க்டாப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. நான் வேலை பார்ப்பது கேப் டவுனில். பக்கத்து வீட்டுப் பையன் நல்ல மனதோடு தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்தப் பெட்டி போனால் பெரியம்மாவுக்குக் கவலையில்லை. உள்ளே இருந்தது பெரியப்பாவின் உழைப்பு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களில் எங்கள் சொந்தக்காரர்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அந்தப் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் இருந்த தழும்பு வரை எல்லாம் இருக்கும். அதோடு பல வருடத்துக் காவடிப் படங்கள். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை (இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள்) அவரே எடுத்த வீடியோக்கள்.

கடையிலிருந்து போன் வந்தது. "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு ஆன்ட்டி. ஜோஹன்னஸ்பர்க்ல லேபுக்கு அனுப்பணும், 6,500 ரேண்ட் ஆகும், பாதியை இப்பவே கட்டணும்." பெரியம்மா கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்.

கேட்டதுமே எனக்கு இடித்தது. விளக்கே எரியாத, ஃபேனே சுற்றாத கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையை, அதற்கப்புறம் மதர்போர்டை. டிஸ்க் தனிப் பொருள். அதைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறொரு கம்ப்யூட்டரில் சொருகினால், பெரும்பாலும் ஃபைல்கள் அப்படியே தெரியும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன கேபிள் போதாது. அவ்வளவுதான் வித்தை. லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பிட்லாக்கர் பூட்டு குறுக்கே வரலாம். அப்போது 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பூட்டியிருக்கும் டிஸ்க்கைச் செத்த டிஸ்க் என்று சொல்கிறவர்களும் உண்டு.

டிஸ்க் உண்மையிலேயே பழுதானால் அதற்கு வேறு அடையாளங்கள் இருக்கும். டக், டக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மறுபடி போட்டுப் பார்க்காமல் விட வேண்டும். அந்த மாதிரி டிஸ்க்கைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் லேப்தான் திறக்கலாம், செலவும் நிஜமாகவே ஆகும். அதனால்தான் "லேப்" என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைக்கிறார்கள்.

லேபின் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. கூரியர் ரசீது எண்ணைக் கேட்டேன், "மேனேஜர்கிட்ட இருக்கு" என்றார்கள். சில வாரம் கழித்து, "லேபாலயும் முடியலை, புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏத்திட்டோம்" என்று இன்னொரு பில். யாரும் கேட்காத புது டிஸ்க் அது!

லீவு போட்டுவிட்டு டர்பனுக்கு வந்தேன். பழைய டிஸ்க்கைக் கொடுங்கள் என்றதும் முதலில் "தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். நான் நகராததால் மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்கள். 500 ஜிபி டிஸ்க். பெரியம்மா வீட்டில் இருந்தது 1 டிபி. முந்தைய டிசம்பரில் வாங்கி மாட்டியது நான்தான், லேபிளையும் அப்போதே படம் எடுத்து வைத்திருந்தேன். சீரியல் நம்பரைக் காட்டியதும் கவுன்டரில் இருந்தவர் முகம் சுருங்கியது.

இந்த இடத்தில் கைகொடுத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008ஆம் ஆண்டின் 68ஆம் எண்). அதன் 67ஆம் பிரிவின்படி, ரிப்பேரின்போது கழற்றிய பாகங்களைக் கடை தனியாக எடுத்து வைத்திருந்து, ஓரளவு சுத்தமான டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று நாமே சொன்னால்தான் விலக்கு. டப்பாவைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள், புண்ணியவான்கள். போனில் திறந்து படித்துக் காட்டினேன். முதலாளி உள்ளே போய்விட்டு எங்கள் டிஸ்க்கோடு வந்தார்.

அது ஜோஹன்னஸ்பர்க்குக்குப் போகவே இல்லை. செத்தும் போகவில்லை. ஃபார்மட் செய்து, விண்டோஸ் ஏற்றி, வேறு யாருக்கோ விற்கத் தயாராக இருந்தது. பெரியம்மாவின் அடையாள அட்டை நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் இருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. தெற்கு ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் அவர் அடையாளத்தை வைத்து யாரும் ஏமாற்றாதபடி அவர் பெயரைப் பாதுகாப்புப் பதிவு செய்து வைத்தோம். அது இலவசம்.

அவர்கள் செய்தது குவிக் ஃபார்மட். அது ஃபைல்களின் அட்டவணையை மட்டும் புதிதாக்கும். பழைய தகவல் டிஸ்க்கில் கிடக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. முழு ஃபார்மட் செய்திருந்தால் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதப்பட்டு எல்லாம் போயிருக்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்காக இருந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். விண்டோஸ் உட்கார்ந்த இடத்தில் இருந்தவை போனது போனதுதான். டிஸ்க்கை அப்படியே டிடிரெஸ்க்யூவால் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். இரண்டும் காசு கேட்காத மென்பொருள்கள். ஃபோட்டோரெக் ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காணும். பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. காவடிப் படங்களுக்குள் கேமரா எழுதிய தேதி இருந்ததால் அவற்றை வருடவாரியாகப் பிரிக்க முடிந்தது. ஸ்கேன்களுக்கு அந்த வசதி இல்லை. எந்தத் தாத்தா எந்தக் கப்பல் என்று பெரியப்பா ஃபைல் பெயரில்தான் எழுதியிருந்தார். இப்போது எல்லாம் வெறும் எண்கள். பெரியம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். வீடியோக்கள் பெரிய ஃபைல்கள், டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்ததால் பெரும்பாலானவை ஓடவில்லை.

பணம் வந்துவிட்டது. 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் எழுதினேன், தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் (சின்னத் தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) என்று. 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்கவே முடியாது. கெடு முடிவதற்குள் முன்பணத்தைத் திருப்பிவிட்டார்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கோர்ட் வேண்டாம் என்றால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) காசில்லாமல் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாட்ஸ்வொர்த், மவுண்ட் எட்ஜ்கூம்ப், இசிப்பிங்கோ பக்கம் கோயில்களில் நடந்த தெருக்கூத்தை யாராவது போனிலோ கேமராவிலோ எடுத்து வைத்திருந்தால், பழையதோ மங்கலோ பரவாயில்லை, எனக்குத் தெரியப்படுத்துங்கள். பென் டிரைவோடு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.