கூட்டத்தில் வாய் திறக்குமுன்: அரிஸ்டாட்டிலா, வள்ளுவரா, மணிமேகலையா?

திருகோணமலையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றும் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். கூட்டம் என்றாலே முன்பெல்லாம் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். சொல்ல நினைத்ததில் பாதி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் உட்துறைமுக வீதியில்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பேச்சுக்கலை பற்றிப் பழையவர்கள் சொன்ன மூன்று வழிகளை வேலையிடத்திலேயே போட்டுப் பார்த்தேன். மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கு உதவுவன அல்ல.

பிரச்சினை இதுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக வீசும் ஆனி, ஆடியில் நாங்கள் அனுப்பும் சூரை கொழும்பு போய்ச் சேரும்போது தொய்ந்துபோயிருந்தது. வாங்குபவர் விலையில் கழித்தார். ஐஸைக் கூட்ட வேண்டும் என்று முதலாளியிடம் கேட்கப் போனேன். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது தொழிலில் சொல்லும் அளவு. அந்தக் கணக்கை நாலு பக்கத்தில் எழுதி வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

எங்கே பிழைத்தேன் என்று காட்டியவர் அரிஸ்டாட்டில். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் சொன்னது: பேச்சு மூன்று வழியாக மனத்தை இணங்க வைக்கும். பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை ஒன்று, கேட்பவருக்குள் எழும் உணர்ச்சி ஒன்று, பேச்சுக்குள் இருக்கும் நியாயம் ஒன்று. கிரேக்கத்தில் ஈதோஸ், பேதோஸ், லோகோஸ். நான் மூன்றாவதை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்குக் காகிதத்தோடு ஒரு சூரையையும் கொண்டுபோனேன். முதல் நாள் கட்டிய பெட்டியிலிருந்து எடுத்தது. மேசையில் பேப்பர் விரித்து வைத்து, வயிற்றுப் பக்கம் பெருவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை. செவுளைத் திறந்தேன், சிவப்பு மங்கி மண்ணிறமாகியிருந்தது. சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறும், ஏறினால் சமைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும் என்றேன். முதலாளி கதிரையை முன்னுக்கு இழுத்தார். உணர்ச்சி என்றால் குரலை உயர்த்துவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒரு மீனே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் நம்பிக்கை விஷயத்தில் அரிஸ்டாட்டில் எங்களுக்கு முழுக்கப் பொருந்த மாட்டார். நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும், பேசுபவரின் பழைய பெயரிலிருந்து அல்ல என்பது அவர் கருத்து. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கானோர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே ஒன்பது பேர் உள்ள கந்தோரில் நான் யாருடைய மகன், போன வருடம் எந்தக் கணக்கில் பிழை விட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். 'பேச்சில் தேர்ந்த நல்ல மனிதன்' என்று நாவலனுக்குக் கேட்டோ சொன்ன இலக்கணத்தை ஏற்று எழுதிய ரோமானிய ஆசிரியர் குயின்டிலியன்தான் எங்கள் ஊருக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

வள்ளுவர் தொடங்கும் இடமே வேறு. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரம், முப்பது குறள். அவற்றில் எதிரே இருப்பவர்தான் பெரிய ஆள். கேட்பவரின் வயதையும் மனநிலையையும் அரிஸ்டாட்டிலும் விரிவாக ஆராய்ந்தவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 'வேட்பத்தாம் சொல்லிப் பிறர்சொல் பயன்கோடல்' என்ற 646ஆம் குறளுக்கு ஈடு அந்த மூன்று வழிக்குள் எனக்குக் கிடைக்கவில்லை. பிறர் விரும்பும்படி நீ சொல், அதோடு பிறர் சொல்லின் பயனையும் எடுத்துக்கொள் என்கிறது.

சூரையைக் காட்டி முடித்து ஐஸுக்குக் காசு கேட்க வாயெடுத்தேன். கதவடியில் நின்ற லொறி சாரதி அண்ணன் குறுக்கிட்டார். "ஐஸ் காணாமலில்ல சேர். பெட்டி காலமை எட்டு மணிக்கே கட்டியாகுது. லொறி வாறது பதினொண்டுக்கு. மூண்டு மணித்தியாலம் மீன் வாடி வாசல்ல வெயிலுக்க கிடக்குது."

என் நாலு பக்கமும் அந்த இடத்திலேயே விழுந்தது. முன்பாக இருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். "அண்ணன் சொல்றதுதான் சரி சேர், ஐஸுக்கு முதல் லொறி நேரத்தைப் பாப்பம்" என்றேன். கேட்டது கிடைக்கவில்லை, கேட்டிருக்க வேண்டியது கிடைத்தது.

வள்ளுவரிடம் குறை உண்டா? உண்டு. சிலவே சொல், சோர்வில்லாமல் சொல் என்பார்; எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று கைபிடித்துக் காட்ட மாட்டார்.

அதற்குத்தான் மணிமேகலை. 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவை முறையில், அதாவது நியாயம் காட்டும் முறையில், ஐந்து உறுப்பு: பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு). மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. பின்னிரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்றும் அங்கே வருகிறது, ஆக மூன்றே வரி போதும். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்ற எதிர்மறை எடுத்துக்காட்டும் உண்டு. கூட்டத்தில் வாயால் சொன்னால் இது வறட்டுப் பேச்சாகிவிடும், சொல்லிப் பார்த்துவிட்டேன். கொழும்பில் இருக்கும் கணக்காளருக்கு எழுதும்போது இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. லொறி எட்டரைக்கு வர வேண்டும். பெட்டி வெயிலில் கிடக்கும் நேரத்தில் ஐஸ் உருகுகிறது. மேகம் மூடிய நாளில் அனுப்பிய பெட்டிக்கு விலையில் கழிவு வரவில்லை. அந்த மூன்றாம் வரியில்தான் அவர் இணங்கினார்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் வள்ளுவரை எடுப்பேன். எங்கள் ஊர்க் கந்தோர்களில் பேச்சு தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல. கதவடியில் நிற்பவரை யாரும் கேட்காததால். தயாரிப்புக்கு அரிஸ்டாட்டில், கடிதத்துக்கு மணிமேகலை.

இப்போது லொறி ஒன்பதுக்குள் வந்துவிடுகிறது. குளிர் காக்கும் பெட்டி பூட்டிய லொறி ஒன்று வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஏது வரியை மூன்று தரம் எழுதிவிட்டேன், இன்னும் சரிவரவில்லை. நாளைக் காலை வாடிக்குப் போய்ச் சாரதி அண்ணனிடம் முதலில் கேட்க வேண்டும்.