லேசருக்குக் காசு: காப்பீடா, இஎம்ஐயா, சீட்டா?

தாடியை லேசரில் எடுக்கப் போகும் திருநங்கைக்கு முதலில் தெரிய வேண்டியது, அது ஒரே நாளில் முடிகிற செலவில்லை என்பது. முகத்து முடி எல்லாம் ஒன்றாக வளர்வதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடியின் வேரைத்தான் லேசர் சுடும். அதனால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு சிட்டிங், குறைந்தது ஆறு எட்டு தடவை. ஹார்மோன் எடுத்தாலும் ஒருமுறை முளைத்த தாடி போகாது. வருஷம் முழுக்க இழுக்கிற செலவு இது.

காகிதத்தில் பார்த்தால் அரசு காப்பீடுதான் ராஜா. 2019 திருநர் சட்டத்தின் 15வது பிரிவு, காப்பீட்டில் சேர வேண்டியதாக அறுவை சிகிச்சை, ஹார்மோன் இவற்றோடு லேசரையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. படித்தபோது என் கண்ணையே நான் நம்பவில்லை. 2022 ஆகஸ்டில் திருநருக்கான மத்திய அரசு காப்பீடான ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் அறிவிப்பும் வந்தது: ஆளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம், தேசிய போர்ட்டலில் வாங்கிய திருநர் சான்றிதழ் இருக்க வேண்டும். சரி, சிக்கல் எங்கே? ஆயுஷ்மான் பாரத் அடிப்படையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கான திட்டம். லேசரோ போனோம், படுத்தோம், அரை மணியில் எழுந்து வந்தோம் என்கிற வேலை. அதனால் கார்டை எடுத்துக்கொண்டு ஓடும்முன், லேசருக்கு அங்கே பேக்கேஜ் உண்டா என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். கீழ் அறுவைக்கு, அதாவது பிறப்புறுப்பை மாற்றும் அறுவைக்கு, முன்னால் அந்த இடத்து முடியை எடுப்பது சிகிச்சையின் பகுதி என்று டாக்டர் எழுதித் தந்தால் நம் கோரிக்கை கொஞ்சம் பலமாகும். முகத்துக்கு அப்படி எழுதி வாங்குவது கஷ்டம். ‘அழகுக்கு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தாடியோடு பஸ் ஏறிப் பார்த்தால் தெரியும் அது அழகுக்கா என்று.

பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் குரூப் இன்சூரன்ஸ் தாளையும் ஒருமுறை புரட்டலாம். எங்களில் அப்படி எத்தனை பேர்!

அடுத்தது கிளினிக்காரர்கள் காட்டும் இஎம்ஐ. கேட்க இனிப்பாக இருக்கும்: எட்டு சிட்டிங், கையில் காசே வேண்டாம், மாதம் இவ்வளவு. நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது சிட்டிங்கில் தாடை ஓரம் தீப்பெட்டி அளவுக்குக் கன்றிப்போய், அப்புறம் கறுத்து நின்றது. நம் மாநிறத்துக்கு நீள அலைவரிசை என்டி யாக் மெஷின்தான் பாதுகாப்பு. என் முகத்தில் என்ன ஓட்டினார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. நின்றுவிடலாம் என்றால் முடியாது. ஃபைனான்ஸ்காரர் மொத்தப் பணத்தையும் கிளினிக்குக்கு அன்றைக்கே கொடுத்தாயிற்று. போகாத ஐந்து சிட்டிங்குக்கும் மாதாமாதம் கட்டினேன்.

அதனால் என் ஓட்டு ஏலச் சீட்டுக்கு. பத்துப் பேர், மாதம் இரண்டாயிரம், நம்பிக்கையான ஆள் பிடிப்பது. அவசரமென்றால் கொஞ்சம் தள்ளி முன்னாலேயே எடுக்கலாம். தள்ளுகிற தொகை வட்டி போலத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணம் என் கையில். ஒரு சிட்டிங் முடிந்தால் ஒன்றுக்குக் காசு. தோல் எரிந்தால் அடுத்த கிளினிக். நம்மை மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கையான குரு அம்மாவிடம் வாங்கும் கடனிலும் இதே சௌகரியம் உண்டு, வட்டியும் கேட்கமாட்டார். ஆனால் லேசருக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பிளக்கர் தொடக் கூடாது, ஷேவ் மட்டும்தான். அந்த முகத்தோடு கடைகடையாகக் காசு கேட்கும் கடைவசூலுக்குப் போக மனசு வராமல் நான் வீட்டில் கிடந்தபோது, ‘எப்போம்மா தருவே?’ என்று அவர் கேட்ட ஒரு வார்த்தை இன்னும் குத்துகிறது.

சீட்டுப் பணத்தில் ஆறு முடித்துவிட்டேன். தாடையில் இப்போது மிச்சம் நாலைந்து நரை. லேசர் கருமையைத் தேடித்தான் போகும், நரையைக் கண்டுகொள்ளாது. அதற்கு எலக்ட்ரோலிசிஸ், முடி முடியாக ஊசி. தை மாதம் புதுச் சீட்டு தொடங்குகிறது, பெயர் கொடுத்திருக்கிறேன்.