மூன்று ஒயர் டீசல் ஸ்டாப் சோலனாய்டு: சாமான் நல்லது, கூட வந்த ஒயர் வேஸ்ட்

ஜெனரேட்டரில் இருக்கும் சின்ன டீசல் எஞ்சினைச் சாவியாலேயே நிறுத்த வேண்டும் என்றுதான் இந்த 12 வோல்ட் சோலனாய்டு செட்டை வாங்கினேன். சோலனாய்டு என்றால் கரண்ட் கொடுத்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிற மின்காந்தம். பெட்டிக்குள் சோலனாய்டு, அதைப் பம்ப் லீவரோடு இணைக்கிற ராட், லாக் நட், ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்ச்), கொஞ்சம் ஒயர், படம் போட்ட ஒரு தாள். சோலனாய்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேலை சுத்தமாக இருக்கிறது, ரப்பர் பூட் (தண்டை மூடுகிற உறை) கெட்டியாக உட்காருகிறது, ஸ்பிரிங்கும் நல்ல இழுப்பு. குறை எல்லாம் மற்ற சாமான்களில்தான்.

டீசலில் ஸ்பார்க் கிடையாது, அதனால் சாவியை ஆஃப் செய்துவிட்டால் மட்டும் எஞ்சின் நிற்காது, பம்பில் டீசலை அடைத்தால்தான் நிற்கும். அதற்கான சோலனாய்டில் இரண்டு ரகம் உண்டு: கரண்ட் இருந்தால்தான் எஞ்சின் ஓடும் என்பது ஒன்று, கரண்ட் கொடுத்தால் நிற்கும் என்பது இன்னொன்று. நான் வாங்கியது முதல் ரகம். ஒயர் அறுந்தாலும் பேட்டரி கழன்றாலும் ஸ்பிரிங் பம்ப் லீவரைத் தள்ளி எஞ்சினை நிறுத்திவிடும், ஆளில்லாமல் ஓடுகிற ஜெனரேட்டருக்கு இதுதான் சரி. நடுத்தண்ணீரில் ஒயர் கழன்று எஞ்சின் நின்றால் ஆபத்து என்பதால் படகுக்காரர்கள் பலர் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். இது எந்த ரகம் என்று பெட்டி மேல் ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை.

உள்ளே இருப்பது இரண்டு காயில். இழுக்கிற காயிலுக்கு வெள்ளை ஒயர், பிடித்து வைக்கிற காயிலுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. எல்லாக் கம்பெனியும் இதே நிறம்தான் போடும் என்று நினைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மீட்டரில், முனைகளை ஒன்றோடொன்று தொட வைத்தால் வருவதைக் கழித்த பிறகு, இழுக்கிற காயில் 0.3 ஓம், பிடிக்கிற காயில் 15 ஓம் காட்டியது. 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் வெள்ளை ஒயரில் 40 ஆம்பியர், சிவப்பில் ஒரு ஆம்பியர்கூட இல்லை. இந்த 40 ஆம்பியருக்கு செட்டில் வைத்திருப்பது ஹாரனுக்கு இழுக்கிற மாதிரி ஒல்லி ஒயர்! அதைப் போட்டால் பாதி வோல்ட்டேஜ் வழியிலேயே போய்விடும், பிளஞ்சர் (உள்ளே இழுபடுகிற அந்த இரும்புத் தண்டு) பாதி தூரம் வந்து நின்றுவிடும், காயில் சூடேறிக்கொண்டே இருக்கும். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன், கறுப்புக்கும் அதே தடிமன். திரும்பிப் போகிற கரண்டும் அதே 40தான், பலர் எர்த்தில்தான் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் பிளாக்கில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு லக்கை (ஒயர் முனையில் போடும் வளையத்தை) முடுக்குங்கள்.

தாளில் உள்ள படம் இன்னும் மோசம். வெள்ளை ஒயரை நேராகச் சாவியின் ஸ்டார்ட் முனையில் கொடுக்கச் சொல்கிறது. அப்படியானால் ரிலேவை எதற்கு வைத்தார்கள் என்று தெரியவில்லை, அதுவும் 30 ஆம்பியர் என்று அச்சடித்த ரிலே. 70 ஆம்பியர் ரிலே ஒன்றை வாங்கி, அதன் முனைகளில் அச்சடித்திருக்கும் எண்படி, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு, 87லிருந்து வெள்ளைக்கு, 85, 86 இரண்டில் ஒன்று எர்த், மற்றதுக்குச் சாவி சிக்னல் என்று கொடுங்கள். அந்த சிக்னலையும் ஸ்டார்ட் முனையிலிருந்து எடுக்காமல் ஒரு டைமர் மாட்யூலிலிருந்து கொடுப்பது நல்லது. சாவியை ஆன் செய்ததும் ஒரு விநாடி மட்டும் இழுத்துவிட்டு அது கழன்றுகொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம், அந்த நேரம் பார்த்து இழுக்கச் சொன்னால் பலம் இருக்காது. குளிர்ந்த எஞ்சினை யாராவது விடாமல் கிராங்க் செய்தால் அத்தனை நேரமும் 40 ஆம்பியர் ஓடி காயில் கருகும். இந்த எச்சரிக்கை தாளில் எங்குமே இல்லை.

அப்புறம் ராட் அளவு. இதை அவசரமாகச் செய்யாதீர்கள். பிளஞ்சரைக் கையால் உள்ளே தள்ளினால் 'டக்' என்று அடியில் உட்கார வேண்டும், அந்த நிலையில் பம்ப் லீவர் ரன் பக்க ஸ்டாப்பரை (எஞ்சின் ஓடுகிற நிலையில் லீவர் முட்டி நிற்கும் தடுப்பை) தொட மயிரிழை பாக்கி இருக்க வேண்டும். லீவர் முதலில் போய் முட்டினால் பிளஞ்சர் உட்காராது. பிடிக்கிற காயிலுக்கு இழுக்கிற பலம் கிடையாது, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததைப் பிடித்து வைக்க மட்டும்தான் அதால் முடியும். ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது என்று புலம்புகிற பல பேருக்குக் கோளாறு இந்த ராடில்தான் இருக்கும், வீணாக டீசல் ஃபில்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ராட் நேர்கோட்டில் வருகிறதா என்றும் பாருங்கள், கோணலாக இழுத்தால் பூட் கிழியும்.

காயில் ஆஃப் ஆகும்போது எதிர்ப்பக்கம் பெரிய வோல்ட்டேஜ் கிளம்பும், டைமரை அது சாகடித்துவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே ஒரு டையோடு (ஒரே திசையில் மட்டும் கரண்டை விடுகிற சாமான்) போடுங்கள், கோடு போட்ட முனை சிவப்புப் பக்கம், வெள்ளைக்கும் அதேபோல் ஒன்று. செட்டில் இதுவும் கிடையாது. சாவியை ஆஃப் செய்தும் எஞ்சின் நிற்கவில்லை என்றால் உடனே சோலனாய்டைத் திட்ட வேண்டாம், ஆல்டர்னேட்டரின் சார்ஜ் லைட் ஒயர் வழியாகக் கரண்ட் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், பிடிக்கிற காயிலுக்கு அந்தக் கொஞ்சம் கரண்டே போதும். மணிக்கணக்கில் ஓடிய பிறகு சோலனாய்டு தொட முடியாத சூட்டில் இருக்கிறது, அது இயல்புதான்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், மூன்றும் சோலனாய்டுக்கே. இதையே தனியாக வாங்கி, ரிலே, ஒயர், டைமரை நீங்களே பொறுக்கிக்கொண்டால் உருப்படியான சாமான். பம்பிலேயே திருகி மாட்டுகிற ஒற்றை ஒயர் சோலனாய்டு உங்கள் எஞ்சினில் இருந்தால் இதை வாங்காதீர்கள், அது வேறு ரகம், சாவி போட்டதும் 'கிளிக்' கேட்கிறதா என்று பார்த்தாலே பாதி சோதனை முடிந்தது.