சிக்னல் ப்ளர் டூல்: பக் ரிப்போட்டுக்கு ஸ்கிரீன்ஷொட் போடுற ஆக்கள் கட்டாயம் பாவிச்சுப் பாருங்கோ

கொழும்பில ஆப் டெஸ்டிங் வேலைதான் நான் செய்யிறது, சட் ஸ்கிரீன்ஷொட் பாக்காத நாளே இல்ல, அதில கனக்க படங்கள்ல யாரோ ஒராளின்ர நம்பரோ முகமோ அப்பிடியே தெரிஞ்சுகொண்டு கிடக்கும். அதை மறைக்க நான் இப்ப பாவிக்கிறது சிக்னல் எண்ட மெசேஜ் ஆப்புக்குள்ள இருக்கிற பட எடிட்டர்தான். சும்மா கிடைக்கிற சாமான், ஆனா நல்ல சாமான்.

அதில ப்ளர், அதாவது படத்தில ஒரு இடத்தை மங்கலாக்கிற வசதி, வந்தது 2020 ஜூன்ல, அமெரிக்காவில ஆர்ப்பாட்டங்கள் நடந்த நேரம் ஆக்களின்ர முகத்தை மறைக்கிறதுக்கெண்டு. 'நோட் டு செல்ஃப்' எண்டு எங்களுக்கே மெசேஜ் அனுப்புற சட் ஒண்டு இருக்கு, அதைத் திறந்து படத்தைப் போட்டு ப்ளரைத் தட்டினா முகங்களைத் தானே கண்டுபிடிச்சு மறைக்கும், தவறவிட்டதை நாங்க விரலால தேய்க்கலாம். எல்லாம் போனுக்குள்ளயே நடக்குது, மறைக்கிறதுக்கெண்டு படம் வேற எங்கயும் போறதில்ல. எனக்கு இதுதான் பெரிய விஷயம், ஏனெண்டா சிலர் மறைக்கிறதுக்கெண்டே பேர் தெரியாத ஏதோ ஒரு வெப்சைட்டில படத்தை ஏத்துகினம், அதுக்கு மறைக்காமலே விடலாம்.

ஆனா எழுத்துக்கும் நம்பருக்கும் ப்ளரை நம்பாதீங்கோ. கட்டம் கட்டமா கலைச்ச எழுத்தைத் திருப்பி எடுக்கிற டூல்கள் இருக்கு, 2022ல அன்ரிடாக்டர் எண்டு ஒண்டு வெளியில வந்தது. முகத்துக்கு ப்ளர், எழுத்துக்கு அதே எடிட்டர்ல இருக்கிற மார்க்கரைத் தடிப்பாக்கி கறுப்பால நல்லா மூடுங்கோ. பக்கத்தில இருக்கிற ஹைலைட்டரை எடுத்துடாதீங்கோ, அது ஊடு தெரியும், ஐபோன்ல படத்தில கீறுற மார்க்கப்பிலயும் இதே கதைதான், ஹைலைட்டரால கறுப்பாக்கின இடத்தில பிரைட்னஸைக் கூட்டினா எழுத்து திரும்பி வரும். ஒரு பெட்டி போட்டு மறைக்க வழி இருந்தா இன்னும் நல்லம், இப்ப கையாலதான் தேய்க்க வேணும்.

எங்க மறைக்கிறது எண்டதிலதான் கன பேர் விடுறது. அண்டைக்கு ஒரு தம்பி காட்டின படத்தில மேல இருந்த பேரை வடிவா மூடியிருந்தார், ஆனா கீழ ரிப்ளை பண்ணின மெசேஜின்ர சின்னப் பெட்டிக்குள்ள அதே பேர் பச்சை எழுத்தில நிக்குது, மேல பேங்க் நோட்டிஃபிகேஷன் ஒண்டு, கீபோர்ட்டுக்கு மேல வாற சொற்கள்ல அவற்ற அக்கான்ர பேர். பிறகு ஐடி நம்பர். இங்க ஆக்கள் சட்லயே ஐசி (அடையாள அட்டை) படம் அனுப்புறவை, பழைய ஐசி நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூண்டும் வருஷத்தில எத்தினையாவது நாள், பொம்பிளையெண்டா அதோட 500 கூட்டியிருக்கும். கடைசி நாலை மட்டும் மூடிப் பிரயோசனமே இல்ல.

வெட்டினாப் போதும் எண்டு நினைக்கிறவைக்கு 2023ல வெளியில வந்த ஏக்ரொபாலிப்ஸ் எண்ட பிழை ஞாபகம் இருக்கட்டும், பிக்சல் போன்ல வெட்டின ஸ்கிரீன்ஷொட்டில வெட்டுப்பட்ட பகுதி ஃபைலுக்குள்ளயே மிஞ்சிக் கிடந்தது, பிறகு திருத்திட்டினம், ஆனா முந்தி அனுப்பின படங்கள் அப்பிடியேதான் இருக்கு. அதால நான் மூடி முடிச்சு சிக்னல்ல எனக்கே அனுப்பி, அதில நிண்டு சேவ் பண்ணின புதுப் படத்தைத்தான் குடுக்கிறது, எடுத்த இடம் மாதிரியான மெட்டாடேட்டாவையும் சிக்னல் கழட்டிவிடும்.

ஆண்ட்ராய்ட்ல சிக்னலுக்குள்ளயே ஸ்கிரீன்ஷொட் எடுக்க விடாட்டி பிரைவசி செட்டிங்ல ஸ்கிரீன் செக்யூரிட்டி ஓன்ல இருக்கும், அதை நிப்பாட்டிப்போட்டு எடுங்கோ, எடுத்து முடிய திரும்பப் போட்டுவிடுங்கோ.

ஐஞ்சுக்கு நாலு குடுப்பன், மறைக்கிறதுக்குப் பெட்டி வந்தா ஐஞ்சு. இன்னொண்டு, கிட்ஹப்பில (கோட் வைக்கிற வெப்சைட்) இஷ்யூ, அதாவது பக் ரிப்போட், எழுதுற ஆக்களுக்கு: படத்தை அங்க எழுதுற பெட்டிக்குள்ள போட்ட உடனேயே அப்லோட் ஆகிடும், சப்மிட் அமத்தும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்காது, அதால மறைக்கிற வேலை எல்லாத்தையும் போன்லயே முடிச்சிட்டுப் போங்கோ.