மாமாவின் பெருந்தமனியும் ஐடிகே-ஸ்னாப்பும்

"வயித்துல ரத்தக்குழாய் வீங்கியிருக்குங்கறாங்க. 4.6 சென்டிமீட்டர்ங்கறாங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்கங்கறாங்க. வீங்கின சாமானை நான் ஒரு தடவையாவது கண்ணால பாக்க வேணாமா?"

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் மாமா கேட்டது இது. வயது 71. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் கையில் எடுத்து அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். வீங்கியது பெருந்தமனி, இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அவருக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஸ்கேனிலிருந்து ஒரு உறுப்பைத் தனியே பிரித்து முப்பரிமாணமாகக் காட்டும் ஐடிகே-ஸ்னாப் என்ற இலவச மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சிடி ஸ்கேன் டெக்னீஷியன், 17 வருட அனுபவம். வேலை செய்யும் இடத்தில் விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் எலும்பு மறைந்து ரத்தக்குழாய் மட்டும் சிவப்பாக நிற்கும். ஆனால் வெளி டிஸ்க்கை அதில் போட அனுமதி கிடையாது, அது நியாயமும்கூட. அதனால் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்தான் கதி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 8 ஜிபி ரேம்.

ஐடிகே-ஸ்னாப் ஒரு கம்பெனி சரக்கு அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பால் யுஷ்கேவிச், அப்போது வட கரோலினாவில் இருந்த கீடோ கெரிக் ஆகியோரின் குழுவில் வளர்ந்தது. அதை விவரிக்கும் கட்டுரை 2006ல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். பதிவிறக்கினால் போதும், லைசென்ஸ் சாவி, ட்ரையல் காலம் என்ற தொல்லை எதுவும் இல்லை.

முதல் ஞாயிறு டிஸ்க்கிலேயே போய்விட்டது. மாமா ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த டிஸ்க்கில் 5 மி.மீ. ஸ்லைஸ்கள், அதாவது அந்த கனத்தில் எடுத்த குறுக்குவெட்டுப் படங்கள், மட்டுமே இருந்தன. அதை வைத்து முப்பரிமாணம் செய்தால் குழாய் வராது, படிக்கட்டு வரும். திரும்பப் போய் "தின் ஸ்லைஸ் டேட்டா வேணும்" என்று கேட்க, "பேஷன்டுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார்கள். நானும் இதே தொழில்தான் என்று சொன்ன பிறகு 1 மி.மீ. டேட்டா வந்தது. 420 ஸ்லைஸ், சுமார் 220 எம்பி. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோ சிடி, அதாவது ரத்தக்குழாய் வெளுப்பாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், எடுத்தால் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். பல இடங்களில் கொஞ்ச நாளில் மெல்லிய ஸ்லைஸ்களை அழித்துவிடுவார்கள்.

டேட்டாவைத் திறந்தால் குறுக்கு, பக்கம், முகப்பு என்று மூன்று ஜன்னல்கள். நாலாவதில் முப்பரிமாணம். ஒன்றில் சொடுக்கினால் மற்ற இரண்டும் அதே புள்ளிக்கு வந்து நிற்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஸ்கேன் படிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சிபாரிசு செய்வேன். முழு வயிற்றையும் அப்படியே ஓடவிட்டால் என் லேப்டாப் மூச்சு முட்டியது. பெருந்தமனியைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு வெட்டிக்கொண்டதும் சமாளித்தது.

இனி பாம்பு, அதாவது படத்திலிருந்து ரத்தக்குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் முறை. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'ஸ்னேக்'தான். காஸ், விட்கின், டெர்ஸோபூலோஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1988ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. படத்தின் மேல் ஒரு கயிற்று வளையத்தைப் போடுகிறீர்கள். படத்தில் ஓரம் எங்கே தெரிகிறதோ அங்கே அது இழுக்கப்படும், அதே சமயம் அளவுக்கு மீறி வளையவும் மறுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், பெருந்தமனி தொப்புள் மட்டத்துக்கு வந்ததும் இரண்டு கால்களுக்கும் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒரே கயிறு இரண்டாக வேண்டுமென்றால் யாராவது அறுத்துக் கட்ட வேண்டும்.

அதே 1988ல் ஆஷர், சேத்தியன் என்ற கணித அறிஞர்கள் வேறொரு தேவைக்காக எழுதியதில் இதற்கு வழி இருந்தது. கயிற்றைத் துரத்தாதே, அதை ஒரு நீர்ப்பரப்பின் கரை என்று நினைத்துக்கொள் என்பதுதான் யோசனை. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் மாடியில் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தத் தெருவில் ஒரு குட்டை, அடுத்த தெருவில் ஒரு குட்டை. மட்டம் அரை அடி ஏறினால் இரண்டும் ஒரே ஏரி. கரையை யாரும் வெட்டி ஒட்டவில்லை. ஐடிகே-ஸ்னாப்பின் பாம்பு இந்த ஜாதி.

முதலில் எவ்வளவு வெளுப்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிடியில் வெளுப்பை எண்ணாகச் சொல்வோம்: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மருந்து ஏற்றிய ரத்தம் மாமாவின் படத்தில் 320 சுமாருக்கு இருந்தது, கீழ் வரம்பாக 180 வைத்தேன். பிறகு பாம்பு தொடங்குவதற்காகக் குழாய்க்குள் நாலு குமிழ்கள் வைத்தேன்: சிறுநீரகக் கிளைகளுக்கு மேலே ஒன்று, வீக்கத்துக்குள் ஒன்று, கீழ்க் கிளைகளில் தலா ஒன்று. ஓடு பொத்தானை அழுத்தினேன். நாலும் ஊதி, ஊர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, சிறுநீரகத்துக்குப் போகும் கிளைகளுக்குள் எட்டிப் பார்த்ததைக் காண, சொன்னால் நம்புங்கள், 17 வருடம் கழித்தும் எனக்குப் புல்லரித்தது. ஒர்க்ஸ்டேஷன் இதை ஒளித்துவைத்து விடையை மட்டும் நீட்டும். இது வேலையைக் கண்முன் செய்கிறது.

அந்தப் பரவசம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பாம்பு முதுகெலும்புக்குள் நுழைந்துவிட்டது. எலும்பும் வெள்ளை, குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பும் வெள்ளை. இரண்டும் ஒட்டிய இடத்தில் இடுக்கு கிடைத்தால் போதும். பாம்புக்கு ரத்தம் எது, எலும்பு எது என்று தெரியாது, வெளுப்பு மட்டும்தான் தெரியும். கசிந்த பிறகு பத்து அடி பின்னால் போகவும் வழியில்லை. ஆரம்பத்துக்குத் திருப்பி மறுபடி ஓடவிட வேண்டும். எனக்கு இதில் இருக்கும் பெரிய குறை இதுதான். வழவழப்பைக் கூட்டினால் இடுக்கில் நுழையாது, ஆனால் மெல்லிய கிளைகளையும் விட்டுவிடும். ஏழாவது ஓட்டத்தில், கசிவதற்குச் சற்று முன் நிறுத்தி, மிச்சத்தைக் கையால் அழித்தேன்.

இரண்டாம் ஞாயிறு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் சிவப்பாகச் சுழலும் தன் பெருந்தமனியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வீங்கிய இடத்தை நான் அளந்ததும் 31 மி.மீ. என்று வந்தது.

"46 இல்லையா? அப்ப வத்திடுச்சா?"

எனக்குப் பக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "ஏம்மா, இது இன்சைடு டயாவா, அவுட்சைடு டயாவா?"

முப்பத்தைந்து வருடம் பைப் பார்த்தவரின் கேள்வி. வீங்கிய குழாயின் உட்சுவரில் ரத்தம் உறைந்து கனமாகப் படிந்திருக்கும். மருந்து அதற்குள் போகாது, அதனால் வெளுக்காது. பாம்பு பிடித்தது ரத்தம் ஓடும் பாதையை மட்டும். டாக்டர் அளப்பது வெளிச்சுவரை. 3 செ.மீ. தாண்டினால் வீக்கம் என்பதும், ஆண்களுக்கு வழக்கமாக 5.5ல் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதும் அந்த வெளி அளவை வைத்துத்தான். வற்றவில்லை மாமா, நான்தான் பாதியைக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

வெளிச்சுவரை எந்தப் பாம்பாலும் பிடிக்க முடியவில்லை. உறைந்த ரத்தம், பக்கத்துத் தசை, குடல் சுவர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வீக்கம் ஏழு சென்டிமீட்டர் நீளம், 70 ஸ்லைஸ். ஐந்துக்கு ஒன்றாக 14 ஸ்லைஸில் மவுஸால் வெளிக்கோடு வரைந்தேன். நடுவில் உள்ளவற்றை இடைநிரப்பும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது, அது அருமையாக வேலை செய்தது. மூன்றாம் ஞாயிறு இதற்கே சரியாகப் போனது.

"இன்னும் மவுஸா? ஏஐ இல்லையா?" என்று கூட வேலை செய்யும் தம்பி சிரித்தான். இருக்கிறது. 2023ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மருத்துவமனைக்காரர்கள் வெளியிட்ட டோட்டல்செக்மென்டேட்டர், சிடியில் நூற்றுக்கும் மேற்பட்ட உடற்பாகங்களைத் தானே பிரிக்கும், அதுவும் இலவசம். ஆனால் பெருந்தமனியை ஒரே துண்டாகத்தான் கொடுக்கும். உள்ளே ஓடும் ரத்தம் வேறு, உறைந்தது வேறு என்று பிரித்துத் தராது. மாமா கேட்டது அந்தப் பிரிவைத்தான். குழாயின் நடுக்கோடு, அதற்குச் செங்குத்தான விட்டம் என்றெல்லாம் வேண்டுபவர்கள் விஎம்டிகே என்ற இன்னொரு இலவச மென்பொருள் பக்கம் போகலாம், கட்டளை அடிக்கத் தெரிந்திருந்தால். எதை எடுத்தாலும் இவை ஆராய்ச்சிக்கும் கற்பதற்கும்தான். இதில் வந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் வாதாடப் போகாதீர்கள்.

இரண்டு பாகத்தையும் 3டி அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாக எடுத்து, கிண்டியில் ஒரு 3டி பிரிண்ட் கடையில் நெடுக்குவாட்டில் பிளந்து அச்சடித்தேன். 1,100 ரூபாய். மாமா அதை வாங்கிக் கையில் உருட்டினார். ஒன்றும் பேசவில்லை. அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த, விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்து வந்தார். உள்ளே 31. வெளியே 45.3.

"பாயின்ட் செவன் குறையுதே."

அச்சுக்குக் கொடுக்கும் முன் சொரசொரப்பு போக நான் கொஞ்சம் வழவழப்பாக்கினேன், அதில் சுருங்கியிருக்கும் என்றேன். "டாலரன்ஸ்" என்று தலையாட்டிவிட்டு அதை ஸ்கேன் ஃபைலோடு மஞ்சப்பையில் போட்டார். அடுத்த ஸ்கேனுக்கு இதையும் எடுத்துப் போவாராம். வெர்னியரையும்.