வேளாண் பொறியியலா, வனவியலா?

மண்ணைக் காக்கிற வேலைக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திண்டாடுகிறார்கள். இரண்டுமே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகள், தலா 4 வருடம். முன்னது கோவையில், பின்னது மேட்டுப்பாளையத்தில்.

சேர: பொறியியலுக்குக் கணக்கு வேண்டும். வனவியலுக்கு உயிரியல் படித்தவர்களும் போகலாம்.

களத்தில்: பொறியியல் மாணவர் நில மட்டம் பார்க்கும் கருவியான டம்பி லெவலை முக்காலியில் நிறுத்தி, கண்ணை இடுக்கி அளவுகோலைப் படித்து, சரிவைக் கணக்கிட்டு, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் சம உயர வரப்புக்குக் கோடு போடுவார். வெயிலில் அரை நாள் நின்றால்தான் அந்தப் பாடம் ஏறும். வனவியல் மாணவருக்கு நாற்றங்கால், விதை, எந்த மண்ணுக்கு எந்த மரம் என்ற கணக்கு. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாருங்கள்: சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். வரப்பு ஒரே பருவத்தில் தண்ணீரை நிறுத்தும். வேர் மண்ணைப் பிடிக்க வருடங்கள் ஆகும்.

வேலை: அங்கே வேளாண் பொறியியல் துறை. இங்கே வனத்துறை, காகித ஆலைகளின் மரவளர்ப்பு. வனத் தொழில் பழகுநர் தேர்வில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு.

தடுப்பணை, பண்ணைக்குட்டை, நில அளவை பிடிக்குமா? கோவை. தரிசில் பச்சை ஏற்றப் பொறுமை இருக்கிறதா? மேட்டுப்பாளையம். என் அக்கா மகன் கேட்டபோது, கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையத்துக்கே பஸ் ஏறச் சொன்னேன்.