கூரைக்குள் அறை கட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் முற்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை. மூன்று வாளி, ஒரு சருவப்பானை, மாமி உடுப்பு ஊறவைக்கும் பெரிய பேசின் எல்லாம் மேலே ஒழுக்குக்குக் கீழே இருக்கின்றன. ஒவ்வொரு மணித்தியாலமும் ஏணியில் ஏறி அவற்றை ஊற்றிவிட்டு வருகிறேன். இந்த நிலைக்காக நான் கொடுத்த பணம் 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று தம்பி சொன்னான். ஆறுவதற்குள் இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிடுவார் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அப்பாவின் கிடுகு வீடு முழுதாகப் பறந்துபோனது. அதன் பிறகு அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய ஓட்டு வீடு இது. இனி எந்தக் காற்றுக்கும் கூரையைக் கொடுப்பதில்லை என்று முதிரையும் பாலையும் போட்டு, ஊரில் மற்ற வீடுகளை விடச் சரிவு கூடுதலாக, உயரமான முகடு வைத்தார். 2004 சுனாமியில் முற்றத்தில் தண்ணீர் ஏறியபோதும் கூரையில் ஓர் ஓடு நகரவில்லை.

காணி எட்டுப் பேர்ச். பக்கவாட்டில் ஓர் அறை இழுக்க இடம் கிடையாது. மேலே கொங்கிரீற் தட்டுப் போட எங்களிடம் வசதி கிடையாது. மகள் உயர்தரத்துக்குப் படிக்கிறாள். மாமி இரவில் இருமுவார். இரண்டு பேரும் ஒரே அறை. அப்போதுதான் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடம் கண்ணில் பட்டது. முகட்டுக்கு நேர் கீழே எட்டரை அடி உயரம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சரிந்து வருவதால் நடுவில் ஒரு மனிதர் நடக்கும் அளவுக்குத்தான் இடம். அதை அறையாக்க வேண்டுமென்றால் சரிவில் ஓடுகளை நீக்கி, அங்கே நேர்ச்சுவரும் ஜன்னலும் எழுப்பி, அதற்கு மேலே தனியாக ஒரு சிறு கூரை வைக்க வேண்டும். நுவரெலியாவில் வெள்ளைக்காரர் காலத்து வீடுகளில் கூரைக்கு வெளியே ஜன்னல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்குமே, அதுதான். டோமர் என்கிறார்கள். தலை இடிக்காமல் நிற்கும் இடமும் கூடும், வெளிச்சமும் காற்றும் வரும். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆளைக் கண்டுபிடித்தது வேலையாட்களைத் தேடித் தரும் ஓர் இணையத்தளத்தில். பெயரை எழுதவில்லை. எழுதினால் என்னையே வழக்கில் மாட்டிவிடுவார்கள் என்று தம்பி தடுத்துவிட்டான். 'பரிசோதிக்கப்பட்ட ஒப்பந்தக்காரர்' என்று அவருடைய படத்துக்குக் கீழே பச்சை அடையாளம் போட்டிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம். அம்பாறையில் இரண்டு வீடு, கல்முனையில் ஒன்று என்று படங்கள்.

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த அந்த வாரம் அவர் வந்தார். ரோச் லைற்றை வாயில் கடித்துக்கொண்டு சீலிங் பலகையை விலக்கி மேலே ஏறினார். இருபது நிமிடம் சத்தமே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு ஏணியின் மேற்படி வரைக்கும் வரச் சொன்னார். வடக்குப் பக்கத்தில் ஓட்டைத் தாங்கும் சிலாகை ஒன்றின் ஓரமாக, விரல் தடிப்பில் மண் கோடு ஒன்று ஓடியிருந்தது. கறையான். நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே மரம் மாவாக இருந்தது. "ரீச்சர், இதை முதலில் மாற்ற வேண்டும். மற்ற ஆட்கள் என்றால் இதைச் சொல்லமாட்டார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள்" என்றார். அந்தச் சிலாகைக்குப் பணம் வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். வீட்டிலிருக்கும் பழுதை எங்களுக்கு முன்பே கண்டு சொல்கிற மனிதன் எங்களை ஏமாற்றுவானா என்று நினைத்தேன். இருபத்தேழு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். ஒரு கணக்குச் சரியாக வந்தால் அடுத்த கணக்கும் சரியாக வரும் என்று யாரும் சொன்னதில்லை.

கீழே இறங்கி வந்ததும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நடு அறைச் சுவரிலேயே டோமரை வரைந்தார். எட்டடி அகலம், இரண்டு கதவு ஜன்னல், உள்ளே ஏற மரப் படிக்கட்டு, ஜன்னலோரம் மகளுக்கு மேசை. மேசை மேல் ஒரு விளக்கும் வரைந்தார். ஜன்னல் கிழக்குப் பக்கம், கடற்காற்று நேராக வரும் என்றார். மகள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ தம்பி என்று சோறு போட்டுக் கொடுத்தார்.

முதலில் 2 இலட்சத்து 50 ஆயிரம். இது கட்டாரிலிருந்து என் கணவர் அனுப்பிய பணம், இரண்டு வருடமாக ஓர் ஓய்வுநாள் விடாமல் மேலதிக வேலை செய்து சேர்த்தது. அடுத்து மரத்துக்கு 3 இலட்சம். இது என் தாலிக்கொடி தவிர்ந்த மற்ற நகையை அடகு வைத்துக் கொடுத்தது. கடைசியாக ஜன்னலுக்கும் நாகத்தகட்டுக்கும் 1 இலட்சத்து 35 ஆயிரம். ஆக 6 இலட்சத்து 85 ஆயிரம். முதல் இரண்டுக்கும் சீமெந்துக் கடைப் பில்லின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மூன்றாவதற்கு அதுவும் இல்லை. இணையத்தளத்தின் வழியாகக் கட்டவா என்று கேட்டேன். "அவர்கள் நூற்றுக்குப் பத்து வெட்டுவார்கள் ரீச்சர், அந்தக் காசுக்கு உங்களுக்கு நல்ல கொளுக்கிகளாகப் போட்டுத் தருகிறேன்" என்றார். மாநகர சபை அனுமதி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். கூரைக்கு உள்ளேதானே வேலை, அனுமதி தேவையில்லை என்றார். அதுவும் பொய். கூரையின் அமைப்பை மாற்றி அறை சேர்ப்பதற்கு அனுமதி வேண்டும்.

செப்டெம்பர் கடைசியில் ஓடு இறக்கினார்கள். பத்து நாளில் வெளியே பார்க்க எல்லாம் எழும்பிவிட்டது. முன்னால் நின்று பார்த்தால் உண்மையிலேயே அழகு. ஒக்டோபர் 11 சனிக்கிழமை பின்னேரம் அவர் வீதியில் நின்று தொலைபேசியில் படம் எடுத்தார். திங்கட்கிழமை படிக்கட்டு மரத்தோடு வருகிறேன் என்று போனவர்தான்.

அடுத்த வாரம் முதல் மழை. இரவு ஒரு மணிபோல் மாமி கூப்பிட்டார். நடு அறைச் சுவரில் சிவப்பாக ஏதோ வடிகிறது, இரத்தமா என்று கேட்டார். டோமரின் பக்கச் சுவரும் பழைய ஓடும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் நாகத்தகடு வைக்க வேண்டிய ஆள், சீமெந்துச் சாந்தில் சிவப்புச் சாயத்தைக் கலந்து ஓட்டின் நிறத்துக்குப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சாயம் கரைந்து சீலிங்கைத் தாண்டி, அவர் வரைந்த பென்சில் படத்தின் மேலாக, அந்த மேசை விளக்கின் மேலாக, கோடு கோடாக இறங்கியது. இன்றும் சுவரில் அது இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

அதன் பிறகு நான் கேட்ட பதில்களை எழுதினால் ஒரு கொப்பி நிறையும். முதலில் மழை விடட்டும் ரீச்சர் என்றார். மழை விட்டது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். தீபாவளி முடிந்தது. கந்தசஷ்டி விரதம், கூரையில் ஏறமாட்டேன் என்றார். சூரன்போரும் முடிந்தது. மனைவிக்குச் சுகமில்லை என்றார். அன்று நான் ஒன்றும் கேட்காமல் அவர் மனைவிக்காகக் கும்பிட்டுவிட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேசியபோது, எந்த மனைவி, யார் சொன்னது என்று கேட்டார். பிறகு, வேலைக்கு நடுவில் நீங்கள் ஜன்னலை மாற்றச் சொன்னீர்கள், அதனால்தான் ஒழுகுகிறது என்று பழியை என் மேல் போட்டார். கடைசியாக, "வேறு ஆளை வைத்து முடியுங்கள், கணக்குப் பார்ப்போம்" என்றார். அதன் பிறகு என் இலக்கத்திலிருந்து அழைப்புப் போவதில்லை. மகளுடைய இலக்கத்திலிருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

இணையத்தளக்காரர் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பிள்ளை, ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். உங்கள் முறைப்பாட்டைப் பதிந்துகொண்டோம், ஏழு வேலைநாட்களில் அழைப்போம் என்பார்கள். மூன்று ஏழு நாட்கள் போய்விட்டன. கடைசியாக ஒரு கடிதம் வந்தது: பணம் தளத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டதால் நிறுவனம் பொறுப்பேற்காது. அப்படியென்றால் அந்தப் பச்சை அடையாளம் எதற்கு? எதைப் பரிசோதித்தீர்கள்? நான் எழுதிய விமர்சனம் 'மொழி நடை விதிகளுக்கு முரணானது' என்று நீக்கப்பட்டது. அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் என்று மட்டும் மூன்று தடவை எழுதியிருந்தேன்.

போன ஞாயிறு ஆரையம்பதியிலிருந்து மரவேலை செய்யும் வயதான ஓடாவியார் ஒருவரைக் கூட்டிவந்தேன். அப்பாவைத் தெரிந்தவர். மேலே ஏறியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மகள், ஒழுக்கு பெரிய விடயம் இல்லை" என்றார்.

டோமருக்காக, முகட்டிலிருந்து சுவர் வரை சரிந்து கூரையைத் தாங்கும் கைமரங்களில் நான்கை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கைமரம் சுமந்த பாரத்தை, வெட்டின இடத்துக்கு மேலும் கீழும் குறுக்குமரம் போட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் முழுக் கைமரங்களுக்குக் கடத்த வேண்டும். அந்தப் பக்கத்துக் கைமரங்களை இரட்டையாக்க வேண்டும். இங்கே ஒற்றை மரமே நிற்கிறது, அதிலும் ஆணி மட்டும். அதைவிட, நடந்தால் தலை இடிக்கும் என்று ஒரு தீராந்தியை அறுத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கச் சுவரும் வெளியே சாயாமல் இழுத்துப் பிடித்திருப்பது தீராந்திதான். மேற்கு மூலையில் மயிர் அகலத்தில் ஒரு வெடிப்புக் கிளம்பியிருப்பதை அவர் காட்டும் வரை நான் காணவில்லை. நடக்கப் பலகை அடித்திருப்பது சீலிங் தாங்கும் நாலங்குல மரத்தின் மேல். பன்னிரண்டடி நீளத்துக்கு அது சீலிங் பலகையைத் தாங்கும். கட்டிலையும் புத்தக அலுமாரியையும் இரண்டு ஆட்களையும் தாங்காது. என் பிள்ளையை அதன் மேல் படுக்கவைக்க இருந்தேன்.

கிழக்குப் பக்கம் ஜன்னல் வைத்தது பற்றியும் கேட்டேன். நவம்பரிலும் டிசம்பரிலும் எங்கள் ஊருக்கு மழை எந்தத் திசையிலிருந்து சாய்ந்து அடிக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்று நான் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஜன்னல் வைத்ததில் தவறில்லையாம். ஆனால் அந்தப் பக்கம் வைத்தால் தகடு ஓட்டுக்கு அடியில் ஒவ்வொரு வரியாக ஏறிப்போக வேண்டும், சாந்து பூசித் தப்ப முடியாது. மரம் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சாந்து அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும்.

தீராந்தியைத் திரும்பப் போட்டு, டோமரைப் பிரித்துக் கூரையைப் பழையபடி மூட அவர் கேட்பது 2 இலட்சத்துக்கு மேல். அப்பாவின் கூரையை அப்பா விட்ட நிலைக்குக் கொண்டுவர மட்டும் அவ்வளவு. அவர் கேட்பது நியாயம். என்னிடம்தான் இல்லை. கட்டாருக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, வேலை முடிகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படியான வேலை செய்ய நினைப்பவர்களுக்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மாரி முடியும் வரை யார் சொன்னாலும் கூரையைத் திறக்க விடாதீர்கள். கைமரத்தையும் தீராந்தியையும் வெட்டுவதற்கு முன் பொறியியலாளர் அல்லது படவரைஞர் ஒருவர் கீறிய படம் வேண்டும், சுவரில் பென்சிலால் கீறியது போதாது. சபை அனுமதியை நீங்களே போய்க் கேளுங்கள். தகடு எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஐந்து ரூபாயும் கொடுக்காதீர்கள். காட்டிய படத்தில் உள்ள வீட்டுக்காரரின் முகவரியைக் கேட்டு, ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன், மத்தியஸ்த சபைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இன்றிரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பின்னேரம் மகள் தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். அதே இணையத்தளம், அதே ஆள், புது விளம்பரம். 'மட்டக்களப்பில் நாங்கள் வெற்றிகரமாக முடித்த டோமர்' என்று ஒரு படம். சிவப்பு ஓடு, இரண்டு கதவு ஜன்னல், பின்னால் நல்ல நீல வானம். கீழே கொடியில் ஒரு வெள்ளைச் சேலை காய்கிறது. அது மாமியின் சேலை. அந்தப் படத்தைப் பார்த்து யாராவது அவருக்கு அழைப்பு எடுப்பதற்கு முன் எனக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வாருங்கள், ஏணியை நான் பிடிக்கிறேன், ஏறிப் பாருங்கள்.